வயிறு நிறைந்த பிறகும் அம்மா ஏன் சட்டியை வழிக்கிறார்?

பூவரசு (கொக்குவில்)

வணக்கம். கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் இந்தக் கதையை எடுத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது, சலரோகம் (நீரிழிவு) வந்து பதினொரு வருடம். பகல் முழுக்க அவரைப்போல ஒழுங்கான நோயாளி கிடையாது. காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, கோப்பையின் மிச்ச இடமெல்லாம் கீரையும் வாழைப்பூ வறையும், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவு பத்து மணிக்குத்தான் பிரச்சினை. அப்பா, இவர், மகன், நான் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு தனக்கென்று சின்னக் கோப்பை ஒன்றில் போட்டுச் சாப்பிடுவார், அது கணக்கில் வரும். அதற்குப் பிறகு நடப்பதுதான் கணக்கில் வராது. குசினிக்குள் நின்றபடியே பிட்டுச் சட்டியின் அடியை வழித்து மீன்குழம்புச் சட்டிக்குள் போட்டுப் பிரட்டி ஒரு உருண்டை, அப்புறம் மகன் விட்ட முட்டைப்பொரியல், அப்பா தொடாமல் வைத்த வாழைப்பழம். நான் எதிர்ப்பட்டால் "சட்டி கழுவப் போறன் பிள்ளை, இதைக் கொண்டுபோய்க் கொட்டுறதே?" என்பார். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தேன் (அதுவும் பிழைதான், தெரியும்). மத்தியானச் சாப்பாட்டைவிடக் கூட இருந்திருக்கும்.

போன கிளினிக்கில் மூன்று மாதச் சீனி மட்டம் (HbA1c) 9.4 வீதம் என்று வந்தது. டொக்டர் இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, "ஒரு பிடி பிட்டுதான் ஐயா" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஐந்து கிலோ சீனி, இரண்டு பனங்கட்டிக் குட்டான், சவர்க்காரம், நெருப்புப்பெட்டிப் பாசல், மண்ணெண்ணெய் கொஞ்சம் இருக்கும். நான் பிறந்தது 1990இல். எனக்கு ஐந்து வயதில், போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய 95 இடப்பெயர்வு, என்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கதையை அம்மா இன்னும் முழுதாகச் சொன்னதில்லை, "மழை பெய்தது, உனக்குப் பசி" என்ற அளவில் நிறுத்திவிடுவார்.

இது ஆசையா, பழக்கமா, மனவருத்தமா? நான் எதைப் பிடித்துத் திருத்துவது? சொல்லப்போனால் எனக்கும் இது தொற்றியிருக்கிறது, மகன் விட்ட சோற்றை நான் பசியில்லாமலே தின்று முடிக்கிறேன்.

சங்கக்கடை

தங்கச்சி, இதற்கு மனோதத்துவம் ஒன்றும் தேவையில்லை. மிச்சம் வந்தால்தானே மிச்சத்தைச் சாப்பிடுவார்? அரிசி போடும்போதே அரைச் சுண்டு குறையுங்கள், மாவும் அப்படியே. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஏழு பேருக்கான சமையல் நடந்துகொண்டிருந்தது, "ஆரும் வந்தால்?" என்ற ஒரே காரணத்துக்காக. எந்த ஆரும் வரவில்லை. அளந்து போடத் தொடங்கிய பிறகு சரி.

கிளினிக் அக்கா

நான் தாதி, இருபத்திரண்டு வருடச் சேவையில் கனகாலம் சலரோகக் கிளினிக்கில்தான். சங்கக்கடை அண்ணை சொல்வது பாதி சரி, ஆனால் அதற்கு முதல் ஒரு கேள்வி. பூவரசு, அம்மா என்ன குளிசை எடுக்கிறார்? மெற்போமின் மட்டும் என்றால் ஒன்று, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரியான குளிசையோ இன்சுலினோ என்றால் கதை வேறு. அந்த மருந்துகள் சீனியை மிகவும் கீழே இறக்கிவிடக்கூடும். பகலில் அவ்வளவு குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு இரவில் கை நடுங்கி, வியர்த்து, அடக்க முடியாத பசி வருகிறதென்றால் அது ஆசையோ பழக்கமோ இல்லை, உடம்பு போடும் சத்தம். குளுக்கோமீற்றர் இருந்தால் அந்தப் பத்து மணிக்கு இரண்டு மூன்று நாள் குத்திப் பாருங்கள். சீனி 70க்கு (mg/dL) கீழே நின்றால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், அடுத்த நாளே டொக்டரிடம் சொல்லுங்கள். இது தெரியாமல் அவரைத் திட்டினால் பாவம்.

அது இல்லையென்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன். அம்மா பொய் சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அது சரிதான். கிளினிக்குக்கு வருகிற அம்மாமார் பாதிப்பேர் "நான் ஒண்டும் சாப்பிடுறேல்லை மிஸ்" என்றுதான் தொடங்குவார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் வரும். பிறகுதான் விளங்கியது, அவர்களுக்குச் சாப்பாடு என்றால் கோப்பையில் போட்டு, இருந்து, சாப்பிடுவது. நின்றபடி சட்டியிலிருந்து எடுத்தது சட்டி கழுவுகிற வேலையில் சேர்ந்துவிடும். உப்புப் பார்த்தது, பிள்ளைக்கு ஊட்டும்போது தன் வாயில் போட்டது, கடைசித் துண்டு மீன், இவை ஒன்றும் ஞாபகத்தில் சாப்பாடாகப் பதிவதில்லை.

ஞாபகத்துக்கும் பசிக்கும் நாங்கள் நினைப்பதைவிட நெருக்கம். போல் றோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மூளைப் பாதிப்பால் சற்று முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்காத இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்து, அவர்கள் முடித்துப் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை முன்னால் வைத்தார்கள். இரண்டு பேரும் அதையும் சாப்பிட்டார்கள், மூன்றாவதையும் தொட்டார்கள். வயிற்றுக்குள் முதல் சாப்பாடு அப்படியே கிடக்கிறது! மறதி வருத்தம் வந்த கிழவிமாரை வைத்துப் பார்த்த எங்கள் ஊராருக்கு இது புதினமில்லை. என்னுடைய அம்மம்மா கடைசிக் காலத்தில் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயமுதல் வேலியடியில் போய் நின்று "இன்னும் எனக்குச் சோறு தரேல்லை" என்று அயலுக்குச் சொல்லுவா. என்னுடைய அம்மா அழாத நாளில்லை.

ஆகவே என் யோசனை ஒன்றுதான்: எதைச் சாப்பிட்டாலும் கோப்பையில் போட்டு, கதிரையில் இருந்து சாப்பிடட்டும். சட்டி வழித்ததையும்தான். அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

குளிர்தேசத்தான் (ஸ்காபுரோ)

பூவரசு, உங்கள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே அச்சு. இங்கே வந்து இருபத்தாறு வருடம், பிறீசருக்குள் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருக்காது, 2023இல் வைத்த மரக்கறிக் குழம்பு இருக்கும். தேத்தண்ணியை இன்னும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார், அலுமாரி நிறையச் சீனி இருக்க. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கடி சீனியை மிச்சம் பிடித்த பழக்கம். காரணம் போய்விட்டது, கடி நிற்கவில்லை.

பசி கிடந்த மனதைப் பற்றி நான் வாசித்ததில் மறக்க முடியாதது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1944இல் தொடங்கினார்கள், அன்சல் கீஸ் என்பவர் தலைமையில். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், எல்லோரும் நல்ல ஆரோக்கியமானவர்கள், தாங்களாகச் சம்மதித்து ஏறக்குறைய ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள், கால்வாசி உடல் எடை போய்விட்டது. உடம்பு மெலிந்தது எதிர்பார்த்ததுதான். மனதுக்கு நடந்ததைத்தான் பாருங்கள். பெடியள் சமையல் குறிப்புப் புத்தகங்களை மணிக்கணக்காக வாசித்தார்கள், சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், கோப்பையை நக்கினார்கள், ஒரு வாய்ச் சாப்பாட்டை வைத்து வைத்து நேரம் கடத்தினார்கள். பிறகு வேண்டியமட்டும் சாப்பிட விட்டபோது, வயிறு வெடிக்கிற அளவுக்குச் சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்களுக்கு முடிவுத் திகதி தெரியும், காவலுக்கு டொக்டர் இருந்தார். எங்கள் அம்மாமாருக்கு அப்படி ஒரு திகதி யாரும் சொல்லவில்லை. 1990இல் தொடங்கி 95, பிறகு 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடிய காலம், வன்னியில் இருந்தவர்களுக்கு 2009இல் வெறும் கஞ்சி. இதற்குள்ளால் வந்த ஒருவரிடம் "கொட்டு" என்று சொல்வது லேசா?

சரி, வழிக்கு வருகிறேன். சின்னக் கோப்பை, சின்னச் சட்டி வாங்குங்கள். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், அடியில் குழாய் பூட்டி, குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும் சூப்புக் கிண்ணம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அதில் குடித்தவர்கள் 73 வீதம் கூடக் குடித்தார்கள், கூடக் குடித்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. வயிற்றைவிடக் கண்தான் சாப்பிடுகிறது.

தட்டாதெருச் சந்தி

அந்தச் சூப்புக் கிண்ணத்தை அவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டாம் அண்ணை. அதைச் செய்த பிறையன் வான்சிங் என்பவரைப் பற்றி, அவர் பிறகு வேலை செய்த கோர்னெல் பல்கலைக்கழகம் விசாரித்து, ஆய்வு நடத்தையில் முறைகேடு என்று 2018இல் முடிவு சொன்னது, அவர் வேலையை விட்டுப் போனார், பத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இந்தக் கிண்ணத்தை வேறு ஆட்கள் பிறகு செய்து பார்த்தபோது கூடக் குடித்தது உண்மைதான், ஆனால் 73 வரவில்லை, அதைவிடக் குறைவு. சின்னக் கோப்பை விஷயமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. எங்கள் ஊரில் அது பலிக்காது என்பது என் சொந்தக் கருத்து, ஏனென்றால் இங்கே கோப்பையை நிரப்புவது சாப்பிடுகிறவரின் கை இல்லை. "காணும் காணும்" என்று கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் ஒரு அகப்பை விழும். காணும் என்று மூன்று தரம் சொன்னால்தான் ஒரு தரம் சொன்னதாக அர்த்தம்.

கூட்டமாகச் சாப்பிட்டால் கூடச் சாப்பிடுகிறோம் என்பது இதைவிட உறுதியாக நிற்கிற விஷயம். ஜோன் டி காஸ்ட்ரோ என்பவர் ஆட்களிடம் நாட்குறிப்பு எழுத வைத்துப் பார்த்ததில், மற்றவர்களோடு சாப்பிட்ட நேரங்களில் தனியாகச் சாப்பிட்டதைவிட 44 வீதம் கூடியிருந்தது. கலியாணவீட்டுப் பந்தியில் இருந்தவனுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அதே பந்தியில் சோறு இனி இறங்காது என்று கிடக்கும்போது பாயாசம் மட்டும் இறங்குகிறதே, அதற்கும் விளக்கம் இருக்கிறது: சாப்பிட்ட சுவை அலுத்துப்போகும், தொடாத சுவை அலுக்காது, பாபரா றோல்ஸ் எண்பதுகளின் தொடக்கத்திலேயே காட்டிய விஷயம். பூவரசின் அம்மா பிட்டை வெறுமனே தின்னவில்லை, மீன்சட்டிக்குள் பிரட்டித் தின்கிறார், கவனியுங்கள். பகல் முழுக்க இலைக்கஞ்சியும் கீரையும், இரவில் அடிச்சட்டிக் குழம்பு. அடிச்சட்டிக் குழம்பின் சுவை தெரியாத ஆள் இந்தத் திரியில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

இன்னொன்று, பகல் கட்டுப்பாடு கடுமையாக இருப்பதுதான் இரவைக் கெடுக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1975இல் ஹேர்மன், மாக் இருவரும் செய்த சோதனை: வழக்கமாக வாயைக் கட்டுகிறவர்களுக்கு முதலில் ஒரு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீமை வைத்தால், மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிட அவர்கள் கூட ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். குறையத்தானே வேண்டும்? ஆனால் "முறிஞ்சது முறிஞ்சு போச்சு, இனி என்ன" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. விரதத்தில் தெரியாமல் ஒரு வடை கடித்துவிட்டு மிச்ச நாளை என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கக்கடை

எல்லாம் படித்தேன். அரைச் சுண்டு குறையுங்கள் என்பதில்தான் இன்னும் நிற்கிறேன். ஆனால் கட்டிலுக்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள் தங்கச்சி. 2022இல் காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை என்று கிடந்தபோது எங்கள் தெருவில் பதறாமல் இருந்தது உங்கள் அம்மா மாதிரியான ஆட்கள்தான். அந்த ஐந்து கிலோ சீனிக்கு ஒரு வைத்தியமும் வேண்டாம்.

பூவரசு (கொக்குவில்)

மூன்று கிழமை கழித்து வருகிறேன். முதலில் கிளினிக் அக்காவுக்கு நன்றி. அம்மா எடுப்பது மெற்போமினும் கிளிக்ளசைட்டும். நான்கு இரவு குத்திப் பார்த்ததில் இரண்டு இரவு 65, 68. மற்ற இரண்டும் 180க்கு மேல். அதாவது சில நாள் உண்மையான பசி, சில நாள் சட்டி. கரைத்துக் கொடுத்து, நீங்கள் சொன்னபடி டொக்டரிடம் காட்டினோம், இரவுக் குளிசையைக் குறைத்து, பகல் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். மத்தியானம் இரண்டு அகப்பைச் சோறு என்றதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரி. இவ்வளவு காலமும் திட்டியதை நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அதை விடுவோம்.

கோப்பையில் போட்டு இருந்து சாப்பிடுகிற விஷயம் லேசில் நடக்கவில்லை. எங்களோடு மேசையில் இருக்கச் சொன்னேன். இருந்தார். ஒரு வாய் வைக்கமுதல் அப்பாவுக்குச் சொதி, எழும்பினார். மகனுக்குத் தண்ணி, எழும்பினார். கடைசியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கே போய்விட்டார். அடுத்த நாள் அகப்பையை நான் கையில் எடுத்தேன், "இண்டைக்கு நான்தான் பரிமாறுறது, நீங்கள் இருங்கோ" என்றேன். விருந்தாளி மாதிரிக் கூச்சப்பட்டு, பாதி பிட்டோடு எழும்பிப் போய், பத்து மணிக்குப் பழையபடி சட்டி. நாலாம் நாள்தான் ஒரு வழி வந்தது, அதுவும் அப்பாவால். சாப்பிட்டு முடிந்தும் எழும்பாமல் இருந்து, "நீயும் முடி, நான் இருக்கிறன்" என்றார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாம். அம்மா அதை என்னிடம் முறைப்பாடு மாதிரித்தான் சொன்னார், "மனுசன் பார்த்துக்கொண்டிருக்க எப்பிடி இறங்கும்" என்று. ஆனால் அன்றைக்குச் சட்டி வழிக்கவில்லை. மிஞ்சிய பிட்டைக் காலையில் நாய்க்கு வைத்தார், கொட்டுவதென்றால் கை வராது, நாய்க்கென்றால் வரும்.

இப்போது கிழமையில் நாலு நாள் சரி, மூன்று நாள் சட்டி. சங்கக்கடை அண்ணை, அரைச் சுண்டும் குறைத்தேன், அம்மா அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் கால் சுண்டு கூட்டிப் போட்டிருக்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். மகனுக்கு ஆறு வயது, அம்மா போனில் கார்ட்டூன் காட்டி வாய்க்குள் திணிப்பார், "வடிவாச் சாப்பிட்டால்தான்" என்று தொடங்கி. அவனுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாமல் போகிறதோ?

கிளினிக் அக்கா

குளிசையைக் குறைத்தது நல்லது. இன்னும் ஒரு மாதத்துக்கு இரவில் இடைக்கிடை குத்திப் பாருங்கள்.

மகன் விஷயத்தில் நான் தாதியாகச் சொல்வதைவிட மூன்று பிள்ளையின் தாயாகச் சொல்கிறேன், திணித்ததெல்லாம் வீண். அமெரிக்காவில் லியான் பேர்ச்சின் குழு 2006இல் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைச் சூப்புக் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் "முடி, முடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் பிள்ளைகள் கூடக் குடித்தார்கள், சொன்ன சூப்பைப் பற்றிக் குறை சொன்னார்கள். போனை ஒரேயடியாகப் பறித்தால் அம்மாவோடு சண்டை வரும். முதலில் இரவுச் சாப்பாட்டை மட்டும் மேசைக்கு மாற்றுங்கள். அம்மா இருந்து சாப்பிடுவதை அவனும் பார்க்கட்டும். அவன் விட்டதை நீங்கள் முடிக்காதீர்கள், அதுதான் உங்கள் பாடம்.

பூவரசு (கொக்குவில்)

அந்தப் பாடம்தான் கஷ்டம் அக்கா. 2006இல் எனக்குப் பதினாறு வயது, கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் விடியப் போய் நின்று பருப்பு வாங்கிய ஆள் நான். நேற்றும் அவன் விட்ட இடியப்பம் இரண்டைக் கையில் எடுத்துவிட்டு, நாயைக் கூப்பிட்டேன்.

மற்றது, கந்தசஷ்டி வருகிறது. அம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான், முப்பது வருடமாக விட்டதில்லை. குளிசை?

கிளினிக் அக்கா

விரதத்தை விடச் சொல்லி நான் சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் சாப்பாடு இல்லாமல் கிளிக்ளசைட் ஆபத்து. விரதம் தொடங்கமுதல் ஒரு கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போய் "ஆறு நாள் பிடிக்கப் போறன்" என்று அவர் வாயாலேயே டொக்டரிடம் சொல்ல வையுங்கள், எந்தக் குளிசையை எப்படிக் குறைப்பது, எந்த நிலையில் விரதத்தை முறிப்பது என்று அவர் எழுதித் தருவார். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பாறணை அன்று பத்துக் கறியோடு வாழையிலை போடுவீர்கள்தானே, அதற்கு முதலும் ஒரு தரம் குத்திப் பாருங்கள்.